நைனா மைதானத்தில் இல்லாத நாள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், நைனாவிடம் கால்பந்து பயின்றவர்களுக்கும் எங்கள் வணக்கம். நைனா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. அம்மா அவருக்கு முன்பே போய்விட்டதால், மூத்த மகளாகிய நான் இதை எழுதுகிறேன்.

முதலில் சித்தப்பாதான் எழுதுவதாக இருந்தார். நைனாவின் ஒரே தம்பி. அவரைப் போலவே கால்பந்துப் பயிற்சியாளர். மேடையில் நன்றாகப் பேசுவார். "நான் எழுதிக் குடுக்கறேம்மா, நீ அச்சுக்குக் குடுத்துடு" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்படிப்பட்ட மலர்களில் இறந்தவரும் நல்லவராக இருப்பார், மிச்சமிருப்பவர்களும் நல்லவர்களாக இருப்பார்கள். இதில் அப்படி இருக்காது. மனம் நோகும் என்று நினைப்பவர்கள் படங்கள் உள்ள பக்கங்களைப் பார்த்துவிட்டு மூடிவிடலாம்.

நைனா பிறந்தது கனகம்மாசத்திரம். தாத்தா அங்கே பேருந்து நிறுத்தத்தை ஒட்டிப் பஞ்சர் கடை வைத்திருந்தார். திருப்பதிக்குப் போகும் கார்களும் லாரிகளும்தான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டன. நைனா திருத்தணியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தார். படித்தார் என்பதைவிட அதன் மைதானத்தில் ஆடினார் என்பதே சரி. அவருக்கு மீசை அரும்பும் வயதில் தாத்தாவும் பாட்டியும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். சித்தப்பா அப்போது டவுசர் போட்ட சிறுவன். காலையில் கடை, பகலில் பள்ளி, மாலையில் மறுபடி கடை என்று நைனா ஓடினார். டியூபை முக்கிக் குமிழி பார்க்கும் தொட்டித் தண்ணீரிலேயே தம்பியைக் குளிப்பாட்டுவாராம். இதைச் சித்தப்பாவே பல மேடைகளில் சொல்லி அழுதிருக்கிறார். அந்த அழுகை பொய்யில்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் கல்லூரி இடம் கிடைத்தபோது, தம்பியை எங்கே விடுவது என்று தெரியாமல் கூடவே கூட்டிக்கொண்டு போனார். விடுதி அறையில் ஒளித்துவைத்து, தன் தட்டுச் சோற்றைப் பாதியாக்கிக் கொடுத்தார். ஒருநாள் விடுதிக் காப்பாளர் பிடித்துவிட்டார். "இவன வெளிய அனுப்பினா நானும் பூடுவேன், சார். அப்புறம் சென்டர் பார்வர்டுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க" என்றாராம் நைனா. காப்பாளர் தம்பிக்கும் ஒரு பாய் கொடுக்கச் சொன்னார்.

உடற்கல்விப் படிப்பை முடித்துவிட்டு, திருத்தணிக்கு வெளியே உள்ள ஒரு தனியார் கல்லூரியில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அந்தக் கல்லூரியின் பெயரை இந்த மலரில் அச்சடிக்க எனக்கு விருப்பமில்லை. மைதானம் என்று அவர்கள் காட்டிய இடத்தில் வேலிக்காத்தான் முள்ளும் கல்லும் கிடந்தன. முதல் பருவம் முழுக்க மாணவர்களோடு சேர்ந்து முள் வெட்டினார், கல் பொறுக்கினார். விசைத்தறிக் குடும்பத்துப் பையன்கள், திருவாலங்காட்டுக் கரும்புக் காட்டிலிருந்து வந்தவர்கள், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ரயிலேறி வந்தவர்கள் எல்லோரையும் சேர்த்து ஓர் அணி உண்டாக்கினார். தமிழில் பாதியும் தெலுங்கில் பாதியும் திட்டுவார். விடியற்காலையில் மலையடிவாரத்துக்கு வரச் சொல்லி, கோயில் படிக்கட்டில் ஏறி இறங்க வைப்பார். காவடி எடுத்து வருகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். ஆடிக் கிருத்திகையின்போது மட்டும் ஓட்டம் கிடையாது, கால் வைக்க இடமிருக்காது.

நைனா இனிமையானவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒருமுறை இறுதிப் போட்டியில், லேசாகத் தட்டினாலே உள்ளே போகும் பந்தை ஒரு பையன் ஸ்டைலாக அடிக்கப்போய் வெளியே அனுப்பினான். தோற்றுத் திரும்பும் வழியில் கனகம்மாசத்திரத்தில் பேருந்திலிருந்து அணி முழுவதையும் இறக்கித் திருத்தணிவரை நடக்கவைத்தார். தானும் நடந்தார். மறுநாள் காலை அந்தப் பையனின் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, உன் புருசனுக்கு மனசுன்னு ஒண்ணு கீதா? என் புள்ளைக்கு காலெல்லாம் கொப்புளம். ஆம்பளப் புள்ள பெத்திருந்தா தெரியும் அந்த ஆளுக்கு!"

அம்மா அவரை உட்காரவைத்து டீ கொடுத்தார். சற்று முன்புதான் நைனாவின் பாதத்துக் கொப்புளங்களுக்கு மருந்து போட்டுவிட்டிருந்தார். அதைச் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று நானும் தங்கையும் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை இல்லை என்பது ஒரு குறை என்று எங்களுக்குத் தெரிந்தது அன்றுதான்.

எங்கள் பள்ளி ஆண்டு விழா எதற்கும் நைனா வந்ததில்லை. ஞாயிறு ஆராதனையில் கடைசிப் பாட்டுக்கு முன்பே வாசலில் செருப்பைத் தேடுவார். அணிப் பையன்களின் அக்கா தங்கைகளுக்கு எப்போது கல்யாணம் என்றுகூட அவருக்குத் தெரியும். தங்கை எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் தீரவில்லை. இறந்துவிட்டார் என்பதால் தீர்ந்துவிட்டதாக எழுத மாட்டேன்.

பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு பல்கலைக்கழகக் கோப்பை வந்தது. ரயிலடியிலிருந்து மேளத்தோடு ஊர்வலம். பையன்கள் நைனாவைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். "எறக்குங்கடா, எவனாவது கால சுளுக்கிக்கப் போறான்" என்று அவர் மேலிருந்து கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. பக்கத்திலேயே சித்தப்பா கோப்பையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் அப்போது துணைப் பயிற்சியாளர். கல்லூரியின் பழைய தாளாளரிடம் கேட்டு அந்த வேலையை வாங்கித் தந்தவர் நைனா.

அதன்பின் பழைய தாளாளர் காலமாகி, அவருடைய மகன் பொறுப்புக்கு வந்தார். கோப்பையோடு அணி நிற்கும் படத்தைத் திருப்பதி சாலை நெடுக விளம்பரப் பலகையாக வைத்தார். அந்த ஆண்டு மாணவர் சேர்க்கைக்குக் கூட்டம் அலைமோதியது. அடுத்த ஆண்டும் கோப்பை வேண்டும் என்றார் தாளாளர். நல்ல ஆட்டக்காரர்கள் படிப்பு முடிந்து போய்விட்டார்கள், புதியவர்கள் தேறி வரக் கொஞ்ச காலம் ஆகும் என்றார் நைனா. அதற்குப் பிறகு தாளாளர் நைனாவை அறைக்கு அழைக்கவில்லை. சித்தப்பாவை அழைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சித்தப்பாவும் சித்தியும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். மட்டன் குழம்பு. பரிமாறியவள் நான். சென்னைக்குத் தினமும் ரயிலில் போய்ப் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்த காலம். அரைகுறையாகக் கேட்டதைச் சிறுபிள்ளைத்தனமாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"அண்ணா, மெட்ராஸ்ல ரெண்டு பேரு கீறாங்க. கிளப்புக்கு ஆடிக்கினு கீறாங்க" என்று சித்தப்பா ஆரம்பித்தார். "நம்ம பசங்க ரெண்டு பேரு பேர்ல அவங்கள எறக்கினா கப்பு நம்மளுது. தாளாளரே சரின்றாரு."

"யாரு பேர்ல?"

"ஏழுமல பேர்ல ஒருத்தன், அந்த நகரிப் பையன் பேர்ல ஒருத்தன். எவன் போட்டோவ உத்துப் பாக்கப் போறான்?"

நைனா தட்டில் வைத்த கையை எடுக்கவில்லை. "அப்ப ஏழுமல இன்னா பண்ணுவான்?"

"வெளிய ஒக்காந்துகினு இருப்பான். ஒரு தபா தானேண்ணா."

"டேய், அவன் ராவெல்லாம் தறி ஓட்டிட்டு காலைல வந்து படி ஏறி ஓடறான். இன்னொருத்தன் அவன் பேர்ல ஆடறதுக்கா? இந்தப் பேச்ச இத்தோட வுட்டுடு. நான் மாஸ்டரா கீற வரைக்கும் நடக்காது."

"சரிண்ணா" என்றார் சித்தப்பா. இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மண்டலப் போட்டி நடந்த வாரத்தில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. சென்னை மருத்துவமனையில் நாள் குறித்துவிட்டார்கள். நைனா தள்ளிப்போட முடியுமா என்று பார்த்தார். "ஒரு தபாவாவது என் கூட இருங்களேன்" என்று அம்மா கேட்டார். அம்மா நைனாவிடம் தனக்கென்று எதையும் கேட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நைனா அணியைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு எங்களோடு சென்னைக்கு வந்தார்.

திருத்தணியில் அந்த இரண்டு கூலி ஆட்டக்காரர்களும் மைதானத்தில் இறக்கப்பட்டார்கள். ஏழுமலையை வெளியே உட்காரவைத்து, யார் கேட்டாலும் வேறு பெயரைச் சொல்லும்படி சித்தப்பா மிரட்டியிருந்தார். முதல் பாதி முடிவதற்குள் எதிரணிப் பயிற்சியாளர் ஒருவனை அடையாளம் கண்டுகொண்டார். சென்னைக் கிளப் ஆட்டங்களில் அவனைப் பார்த்தவர். அவர் நடுவரிடம் போய் நின்றதும், இடைவேளையில் இரண்டு பேரும் சுவரேறிக் குதித்து ஓடிவிட்டார்கள். ஒருவனுடைய காலணி சுவரோரம் கிடந்ததாம். ஊர் வெகுநாள் அதைச் சொல்லிச் சிரித்தது.

கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். மருத்துவமனையிலிருந்து கசங்கிய சட்டையோடு நேராக அங்கே போனார் நைனா. தாளாளரும் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்களும் அணிப் பையன்களும் இருந்த அறையில் சித்தப்பா எழுந்து சொன்னார்: "அண்ணன் எல்லா ஏற்பாடும் பண்ணிட்டுத்தான் மெட்ராசுக்குப் போனாரு. அவரு சொன்னத நான் செஞ்சேன்."

ஏழுமலை எழுந்து கத்தினார். "பொய்ங்க! மாஸ்டருக்கு ஒண்ணுமே தெரியாது. என்ன ஒக்கார வெச்சது இவுருதாங்க!"

அவரைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். அந்தப் பருவத் தேர்வு எழுத அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. படிப்பு அதோடு நின்றது.

உள்ளே நடந்ததை மற்றப் பையன்கள் எங்களுக்குச் சொன்னார்கள். உங்கள் தம்பி சொல்வது உண்மையா என்று நைனாவிடம் கேட்டிருக்கிறார்கள். நைனா தம்பியைப் பார்த்திருக்கிறார். சித்தப்பா தரையைப் பார்த்திருக்கிறார். "டீம் என்னுது. பொறுப்பும் என்னுது" என்று மட்டும் சொல்லிவிட்டு நைனா உட்கார்ந்துவிட்டார். அன்றே வேலை போயிற்று. சில ஆண்டுகளுக்குக் கல்லூரி எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது என்று தடையும் வந்தது. சொல்லிக்கொடுத்துச் செய்யவைத்த தாளாளருக்கு ஒரு கேள்வியும் இல்லை.

தையல் பிரிக்காத வயிற்றோடு கட்டிலில் கிடந்த அம்மா கேட்டார்: "ஏங்க வாயத் தொறக்கல?"

"தொறந்திருந்தா அவன் வேல போயிருக்கும். அவன் பொண்டாட்டி மாசமா கீறா."

"அப்ப நாங்க?"

"எனக்கு வேற எடத்துல கெடைக்கும். அவன எவன் எடுப்பான்?"

நைனாவுக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை. ஏறி இறங்கிய பள்ளிகளிலெல்லாம் அவருக்கு முன்பே அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. 'கூலி ஆள் மாஸ்டர்' என்று டீக்கடைகளில் பெயர் வைத்தார்கள். கடைசியில் ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபத்தில் மேலாளர் வேலை. நாற்காலி கணக்கு, பாத்திரக் கணக்கு, ஜெனரேட்டருக்கு டீசல். பதினொரு பேரை ஒரே விசிலில் நிறுத்தியவர், பந்தி நடக்கும்போது தண்ணீர் வரவில்லை என்று எவனெவனிடமோ திட்டு வாங்கினார்.

அவருடைய இடத்தில் சித்தப்பா தலைமைப் பயிற்சியாளர் ஆனார். தடைக்காலம் முடிந்தபின் கோப்பைகளும் வாங்கினார். நல்ல பயிற்சியாளர்தான், அதை மறைக்க மாட்டேன். பிறகு ஒருமுறைகூட அவர் வெளியாளை இறக்கியதாக நான் கேள்விப்படவில்லை. செய்யாமலே ஜெயிக்கத் தெரிந்தவர் அன்றைக்கு ஏன் செய்தார் என்பதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

சித்தப்பா பணி நிறைவு பெற்றபோது நடந்த பாராட்டு விழாவை, நைனா வேலை பார்த்த அதே மண்டபத்தில் வைத்தார்கள். வேறு மண்டபம் கிடைக்கவில்லை என்றார்கள். நைனா காலையிலிருந்து நாற்காலி போடவைத்தார், மேடைக்குப் பூ கட்டவைத்தார். நானும் தங்கையும் அழைப்பின்பேரில் போயிருந்தோம். சித்தப்பா மேடையில், "நான் இன்னிக்கி இங்க நிக்கறேன்னா அது என் அண்ணனால. அவர்தான் என் குரு" என்றார். கைத்தட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. அந்தக் குரு ஹாலின் பின்பக்கம் ஜெனரேட்டர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. முன்வரிசையில் இருந்த தாளாளர் திரும்பி, நைனாவைப் பார்த்துக் கையால் சைகை காட்டினார். ஏ.சி.யைக் கூட்டச் சொன்னார். நைனா போய்க் கூட்டினார்.

இதையெல்லாம் தியாகம் என்று சிலர் என்னிடம் சொல்கிறார்கள். தியாகம் செய்கிறவர் தன்னுடையதைக் கொடுக்க வேண்டும். நைனா தன்னுடையதோடு ஏழுமலையின் படிப்பையும் அம்மாவின் நிம்மதியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். எங்கள் யாரையும் கேட்கவில்லை. சபையில் முன்வரிசையில் உட்கார்ந்து பாடிய அம்மா, அதற்குப் பிறகு கடைசி வரிசைக்குப் போய்விட்டார். முன்வரிசையில் சித்தி இருந்தார். "என் ஆபரேஷன தள்ளிப் போட்டிருந்தா மாஸ்டர் அங்க இருந்திருப்பாரு, ஒண்ணும் நடந்திருக்காது" என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்வார். உடம்பு சரியில்லை என்று மருத்துவமனைக்குப் போனதைத் தன் குற்றமாகச் சுமந்துகொண்டே அம்மா இறந்தார். அந்தச் சுமையை ஒரே வார்த்தையில் இறக்கிவைத்திருக்கக் கூடியவர்கள் இரண்டு பேர். இருவரும் சவப்பெட்டிக்கு முன்னால் அழுதுகொண்டு நின்றார்கள்.

அம்மா போனபின் நைனாவின் சிறுநீரகம் கெட்டது. நான் சென்னையில் பரிசோதனைக்கூட வேலைக்குப் போய் வந்துகொண்டு, தங்கை வீட்டிலிருந்துகொண்டு, மாறி மாறிப் பார்த்தோம். கடைசி வாரத்தில் ஒரு மதியம் சித்தப்பா ஆரஞ்சுப் பழங்களோடு மருத்துவமனைக்கு வந்தார். நாங்கள் இருவரும் கட்டிலருகே இருந்தோம். நைனாவின் குரல் மெலிந்திருந்தது. நினைவு தெளிவாக இருந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன்."

"சொல்லுண்ணா."

"என் பொண்ணுங்க ரெண்டும் இங்க கீது. அன்னிக்கி நான் அத செய்யச் சொல்லலன்னு இதுங்க முன்னாடி ஒரு தபா சொல்லிடுடா."

சித்தப்பா ஒரு பழத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். "இப்ப எதுக்குண்ணா அதெல்லாம்? ஒடம்பப் பாரு."

"ஒடம்பு கெடக்குது. சொல்லு."

"இதுங்களுக்குத் தெரியாதாண்ணா?"

"தெரியும். நீ சொல்லி நான் கேக்கணும்."

சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கல்லூரியில் விளையாட்டு விழாவாம், அவர்தான் பரிசு கொடுக்க வேண்டுமாம். உரித்த பழத்தை நைனாவின் மார்பில் கிடந்த துண்டின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகு நைனா என் பக்கம் திரும்பினார். "அவனா ஒருநாள் வந்து சொல்லுவான்னு இருந்தேம்மா" என்றார் என்னிடம். இத்தனை ஆண்டுகள் அவர் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அர்த்தம் அதுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தம்பி தானாக வருவான் என்று காத்திருந்திருக்கிறார். அந்த வாரமே இறந்தார்.

அடக்க ஆராதனைக்குக் கல்லூரியிலிருந்து ஆளுயர மலர்வளையம் வந்தது. சித்தப்பா சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கினார். கல்லறைத் தோட்டத்தில் தாளாளர் மைக்கை வாங்கி, "கறைபடாத மனிதர்" என்று பேசினார். கறையைப் பூசியவருக்கு நைனாவிடம் கறை இல்லை என்பது முதலிலேயே தெரிந்திருக்கிறது. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர், "அப்ப அன்னிக்கி ஏன் சார் வேலைய வுட்டுத் தொரத்தினீங்க?" என்று கேட்டார். ஏழுமலை. தலை நரைத்து, ஷேர் ஆட்டோ ஓட்டும் காக்கிச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர்கள் அவருடைய கையைப் பிடித்து அடக்கினார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் அடக்கப்பட வேண்டியவராக அவர் ஒருவர்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்.

இரண்டு மாதம் போயிருக்கும். நைனாவின் பெயரில் நினைவுக் கோப்பைப் போட்டி நடத்துவதாகக் கல்லூரி அறிவித்தது. சித்தப்பா தொடங்கிவைப்பதாகச் சுவரொட்டி. நானும் தங்கையும் தாளாளரைப் பார்க்கப் போனோம்.

"எங்க நைனா எந்தத் தப்பும் செய்யலன்னு கல்லூரி சார்பா மேடையில சொல்லுங்க, சார். அப்புறம் அவர் பேர்ல நடத்துங்க" என்றேன்.

"மாஸ்டர் எப்படிப்பட்டவருன்னு ஊருக்கே தெரியும்மா. அது பழைய கத. எதுக்குக் கெளறணும்?"

"அப்ப பேர எடுத்துடுங்க."

"நல்லதுக்குத்தானேம்மா பண்றோம்."

"யாரு நல்லதுக்குங்க?" என்று தங்கை கேட்டாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

தாளாளர் மணியடித்து அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொன்னார். சுவரொட்டியில் நைனாவின் பெயர் மேல் வேறு தாள் ஒட்டினார்கள். போட்டி வேறு பெயரில் நடந்தது. அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் சித்தப்பாவுக்கு. அந்த வாரமே கோபமாக வீட்டுக்கு வந்தார்.

"அண்ணன் பேரு வெளங்கக் கூடாதுன்னே கங்கணம் கட்டிக்கினு கீறியாம்மா?"

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவர் பேரு அன்னிக்கே வெளங்கியிருக்கும், சித்தப்பா."

"அண்ணனே கடசி வரைக்கும் என்ன ஒண்ணும் கேக்கல. நீ யாரு கேக்கறதுக்கு?"

"ஆஸ்பத்திரில கேட்டாரே. நாங்க ரெண்டு பேரும் பக்கத்துலதான இருந்தோம்."

தங்கை கொண்டுவந்து வைத்த டீ அப்படியே ஆறிப்போனது. வாசலில் செருப்பை மாட்டும்போது, "எனக்கும் புள்ள குட்டிங்க கீது. அவங்க மூஞ்சில நான் முழிக்க வேணாமா?" என்றார். எங்களுக்கும் முகம் இருந்தது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

சபைப் போதகர் ஐயா என்னைக் கூப்பிட்டு, மன்னித்துவிட்டு எழுதும்படி சொன்னார். அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு. மன்னிப்பைக் கேட்கிறவருக்குத்தான் கொடுக்க முடியும், ஐயா. கேட்காதவர் மடியில் கொண்டுபோய் வைத்தால், அவர் அதையும் ஒரு மாலையாக எடுத்துப் போட்டுக்கொள்வார்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எழுந்து உண்மையைச் சொல்லித் தன் படிப்பை இழந்து, நைனா நடக்க முடியாமல் போனபின் அவரைத் தன் ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துப்போன ஏழுமலைக்கு. தறி வேலையை நிறுத்திவிட்டு இரத்தம் கொடுக்க வந்த பழைய அணிக்கு. எல்லோரும் ஒதுங்கிய நாளில் நைனாவை வேலைக்கு எடுத்து, அவர் சாகும்வரை மரியாதையாக 'மாஸ்டர்' என்றே கூப்பிட்ட மண்டப உரிமையாளருக்கு. இரத்தச் சுத்திகரிப்பு நாட்களில் பொறுமையாகப் பார்த்துக்கொண்ட செவிலியர் பெண்களுக்கு. அம்மாவோடு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்ட சபைப் பெண்களுக்கு, குறிப்பாக. மலர்வளையம் அனுப்பிய கல்லூரிக்கு நன்றி இல்லை.

சித்தப்பா, நினைவு ஆராதனையில் உங்களுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருக்கிறோம். இந்த மலரை வாசலிலேயே நான் உங்கள் கையில் தருவேன், உள்ளே வருவதற்குள் படித்துவிடுவீர்கள். பேசுகிறவர்கள் வரிசையில் உங்கள் பெயர் இல்லை. ஆனால் கூட்டத்தின் நடுவே நீங்கள் எழுந்து நின்றால், மைக்கை நானே கொண்டுவந்து தருவேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அது என்னவென்று உங்களுக்குத் தெரியும். பஞ்சர் கடையைப் பற்றியோ, விடுதிச் சோற்றைப் பற்றியோ பேச ஆரம்பித்தீர்கள் என்றால், எல்லோர் முன்னாலும் மைக்கை வாங்கிக்கொள்வேன்.

மூத்த மகள்